கடுகு உட்கார்ந்த இடம்

அத்தியாயம் 7

அழகாக இருக்கிற எதையும் சந்தேகம் நம்புவதில்லை. பளபளக்கிற பழம், மடிப்புக் கலையாத சட்டை, முதல் கேள்விக்கே தடுமாறாமல் பதில் சொல்கிற சாட்சி, எல்லாம் அவருக்கு ஒன்றுதான். எங்கேயோ இடிக்கிறது என்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. முப்பது வருஷமாகத் துப்பறியும் பிழைப்பில் கிடந்து, ஊரே சந்தேகம் சந்தேகம் என்று கூப்பிட்டு, இப்போது வாசலில் தொங்கும் போர்டிலும் அதுதான் எழுதியிருக்கிறது.

அந்த மத்தியானம் அவர் உள்ளங்கையில் இருந்தது வேறு போர்டு. ஒரு கேஸ் அலாரத்தின் உள்ளே இருந்து கழற்றியது. தீப்பெட்டி அகலம். பச்சைப் பூச்சு, அதன்மேல் பொடிப் பொடியாக எழுபது எண்பது துணுக்குகள், மூலையில் நீல நகப்பூச்சால் வைத்த ஒரு பொட்டு. நாலு நாளைக்கு முன்னால் ஒரு சலவைக் கூடத்தின் பாய்லர் அறையில் கேஸ் கசிந்தபோது இந்த அலாரம் வாயைத் திறக்கவில்லை. உள்ளே இருந்த வாட்ச்மேன் ஆஸ்பத்திரியில் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"மச்சான், நாலு மணிக்கு இதைத் திருப்பிக் கொடுக்கணும். விசாரணை அதிகாரி உங்க பழைய சிநேகிதர்னு இரவல் கொடுத்திருக்கார். தொலைச்சீங்க, சிநேகிதமும் போகும், நாமளும் உள்ள போவோம்" என்றான் மச்சினன்.

மச்சினன் என்றால் சந்தேகத்தின் மனைவிக்குத் தம்பி. வேலை தேடும்வரை ஒரு வாரம் தங்கிக்கொள்கிறேன் என்று வந்தவன். அந்த ஒரு வாரம் ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. சிகரெட்டை விட்டுவிட்டான், லைட்டரை விடவில்லை. எந்நேரமும் பையில் கையை விட்டு டிக் டிக் என்று மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பான்.

"நாலு மணிக்கு அந்தப் பொண்ணும் அதிகாரி முன்னால வரணும். வந்து, எழுதிக் கொடுத்தது உண்மைதான்னு சொல்லிட்டா கதை முடிஞ்சது. நேரா ஜெயில்" என்றார் சந்தேகம்.

அந்தப் பெண்ணின் புருஷன் பஸ் டிரைவர். ராத்திரி வண்டி ஓட்டுகிறவன். நேற்றுக் காலை தூக்கம் சொக்கும் கண்ணோடு வந்து நின்று, "என் பொண்டாட்டி பொய் சொல்றா சார்" என்றான். இதைச் சொல்லிக்கொண்டு வருகிற புருஷன்மார் சந்தேகத்துக்குப் புதிதல்ல. "தப்பு நான்தான் செஞ்சேன்னு கையெழுத்துப் போட்டுட்டா. அவ கை தப்பு செய்யாது சார்" என்று அவன் முடித்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு பொய்யைப் பற்றி யாரும் அவரிடம் புகார் கொடுத்ததில்லை.

அவள் போர்டு செய்கிற பட்டறை ஒரு பூட்டுக்கடைக்குப் பின்னால் இருந்தது. நீளமான ஒரே அறை. ஜன்னலோரம் இரண்டு மேஜை, வட்டக் கண்ணாடி வைத்த இரண்டு விளக்கு, ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சுடுகோல்கள் நிற்கிற கம்பிச் சுருள். மூக்கில் ஏறுகிற பிசின் புகை. அறையின் கோடியில் மரத்தடுப்பு. அதற்குப் பின்னால் கம்ப்யூட்டர் வெளிச்சம் நீலமாக அசைந்தது. பக்கத்தில் ஒரு சின்ன அறையில் யாரோ அட்டைப்பெட்டி மடிக்கிற சத்தம்.

ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தவள் தலையைத் தூக்கவில்லை. முப்பது வயதிருக்கும். அவள் பெயரும் யாருக்கும் வேண்டியதாக இல்லை. பொட்டின் நிறத்தை வைத்து நீலம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"உங்க வீட்டுக்காரர் அனுப்பினார்ம்மா."

"தெரியும். நான் வரச் சொல்லல."

"வரச் சொல்ற இடத்துக்கு நாங்க போறதில்லக்கா. அங்க காபி கிடைக்கும், துப்பு கிடைக்காது" என்றான் மச்சினன்.

அவள் சிரிக்கவில்லை. சந்தேகம் போர்டை அவள் முன்னால் வைத்தார்.

"இது உங்க வேலையா?"

"பொட்டு நீலமா இருக்கில்ல? அப்ப நான்தான்."

அந்தப் பட்டறையின் வழக்கம் அது. யார் பற்றவைக்கிறார்களோ அவர்கள் கடைசியில் தங்கள் நிறத்தில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். அக்காவுக்குச் சிவப்பு, தங்கைக்கு நீலம். பொட்டில்லாத போர்டை வாங்குகிறவர்கள் தொடவும் மாட்டார்கள். அக்கா ஒரு வருஷமாகச் சுடுகோலைத் தொடுவதில்லை. சோதிப்பதும் பெட்டியில் போடுவதும்தான். ஆகவே இப்போது வெளியே போகிறதெல்லாம் நீலப் பொட்டு.

"எது கழண்டுச்சு?"

கண்ணாடி விளக்கை இழுக்காமலே நீலம் இடுக்கி நுனியால் காட்டினாள். "இது. பதினாலாம் நம்பர். அலாரத்தோட குரல் இது வழியாத்தான் போகணும். இது விட்டுப்போச்சுன்னா பச்சை விளக்கு அது பாட்டுக்கு எரியும், சத்தம் வராது."

சந்தேகம் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். "மத்ததைவிட இது பொடிசா இருக்கே?"

"மத்ததெல்லாம் குருணை. இது கடுகு."

"மச்சான், இது பட்டறையா, மளிகைக் கடையா?"

நீலம் மேஜையிலிருந்த நாலு சின்ன டப்பாக்களைத் தள்ளிவைத்தாள். வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரலில் உயிர் வந்தது. "கம்பெனிக்காரன் நம்பர் சொல்வான். 1206, 0805, 0603, 0402. நானும் அக்காவும் வெச்ச பேர் அரிசி, குருணை, கடுகு, கசகசா. அரிசியைக் கண்ணை மூடிக்கிட்டு வெக்கலாம். குருணைதான் கைக்குப் பதமான அளவு. கடுகு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வெக்கணும். கசகசாவை மெஷின்தான் வெக்கும். நாம தும்மினா அது காணாமப் போயிடும்."

"அப்ப எழுபது குருணைக்கு நடுவுல ஒரு கடுகு எதுக்கு?"

"பெட்டியைச் சின்னதாக்கச் சொன்னாங்க. பக்கத்துல திருகு ஓட்டை வந்துடுச்சு, இடம் பத்தல. அளவு முடிவு பண்றது மாமா." மரத்தடுப்பைப் பார்த்துத் தலையசைத்தாள். அக்காவின் புருஷன். போர்டு வரைகிறவர், பட்டறையின் முதலாளி.

சந்தேகம் மறுபடி குனிந்தார். ஒவ்வொரு துணுக்கும் இரண்டு உலோகத் திட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. பேட் என்பார்கள். குருணைகளுக்கெல்லாம் பேட் இரண்டு பக்கமும் வெளியே நீண்டிருந்தது, போர்வை பத்தாதவன் காலைப்போல. அந்த நீட்டலில்தான் சுடுகோலின் மூக்கு படும். பதினாலாம் நம்பருக்கு மட்டும் நீட்டலே இல்லை. பேட் முழுக்கத் துணுக்குக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தது.

"இது மாதிரி ஒண்ணு வெச்சுக் காட்டுங்களேன். எனக்கு வேலை புரியணும்."

நீலம் ஒரு காலி போர்டை எடுத்தாள். சுடுகோலை எடுக்கும் முன்னால் அவள் இடது கை தானாக மேஜையின் ஓரத்துக்குப் போனது. அங்கே ஒரு பாதி பிளேடு கிடந்தது. விரல் அதைத் தொட்டது. நின்றது. சுட்டுக்கொண்டதுபோல் திரும்பி வந்தது.

சந்தேகம் பார்த்தார்.

அவள் ஒரு பேட்டில் சொட்டு ஈயம் வைத்து, இடுக்கியால் கடுகைத் தள்ளி உட்கார வைத்து, மறுபக்கம் சுட்டாள். மூன்று விநாடி. உருண்டையாக, பளபளவென்று ஒரு ஈயமணி. பிறகு அவளே ஒரு ஊசியை எடுத்து அதை நெம்பினாள். முதலில் வைத்த பக்கம் பிடித்திருந்தது. மறுபக்கம் ஈயமணியோடு பல் மாதிரி தூக்கிக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா? என் கை லட்சணம் இதுதான். வாட்ச்மேன் என்னாலதான் படுத்துக் கிடக்கிறார். போதுமா?"

போதவில்லை. கெட்ட வேலையை இவ்வளவு சிரத்தையாகச் செய்து காட்டுகிறவளைச் சந்தேகம் அன்றுதான் பார்த்தார்.

"செஞ்சு முடிச்ச போர்டு வேற இருக்கா?"

"இல்ல. எல்லாம் போயிடுச்சு."

சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து அறையிலிருந்து கனத்த கண்ணாடி போட்ட ஒரு பெண் அட்டைப்பெட்டியோடு வந்தாள். அக்கா. நாற்பத்தைந்து வயது. மேஜைக்கு அருகே நின்றிருந்த இரண்டு ஆண்களையும் அவள் பக்கத்தில் வந்தபிறகுதான் கவனித்தாள். "அடுத்த வாரத்து முப்பதும் சோதிச்சுட்டேன்டி. எல்லாம் நல்லாக் கத்துது... யாருங்க?"

"துணுக்கு பாக்க வந்தோம்க்கா" என்று மச்சினன் பெட்டியை வாங்கி மேஜையில் வைத்து, உரிமையோடு ஒரு போர்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தான். கூடவே அந்தப் பழுதான போர்டையும் எடுத்துப் பக்கத்தில் பிடித்தான்.

"இந்தப் பழசுல பொட்டு சுண்டைக்காய் சைஸுல இருக்கு. புதுசுல ஊசி முனை மாதிரி இருக்கு. வயசானா பொட்டும் பெருக்குமா?" பிறகு கண்ணைச் சுருக்கினான். "மச்சான், இந்தப் புதுசு மேல நத்தை போயிருக்கு."

"என்னடா?"

"சாய்ச்சுப் பாருங்க. பதினாலாம் நம்பர் பக்கத்துல மினுமினுன்னு ஒரு கோடு. நத்தை நடந்த தடம் மாதிரி."

சந்தேகம் வாங்கிப் பார்த்தார். நேராகப் பிடித்தால் ஒன்றுமில்லை. சாய்த்தால் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு மினுக்கம். நகத்தால் சுரண்டினார். நிறமில்லாத நகப்பூச்சு உரிந்து வந்தது. அடியில் பச்சைப் பூச்சைக் காணோம். யாரோ பிளேடால் கீறி எடுத்து, செப்புக் கோட்டை வெளியே கொண்டுவந்து, அதன்மேலும் ஈயத்தை ஓட விட்டிருந்தார்கள். ஊசியால் நெம்பினார். கடுகு அசையவில்லை. கொஞ்சம் பலமாக நெம்பினார். ஊசிதான் வளைந்தது.

இரண்டாவது போர்டு. நத்தை. மூன்றாவது. நத்தை. பத்து எடுத்தார், பத்திலும் இருந்தது.

கடைசியாகப் பாய்லர் அறையின் போர்டைச் சாய்த்தார். பச்சைப் பூச்சு கன்னிகழியாமல் வழவழவென்று கிடந்தது.

"பேட்டுக்கு வால் இல்ல. சுடுகோல் படறதுக்கு இடம் இல்ல. அதனால நீங்களே கீறி ஒரு வால் செஞ்சுக்கிறீங்க" என்றார். "போர்டைக் கீறினா வாங்கறவன் திருப்பி அனுப்பிடுவான். அதனால மேல நிறமில்லாத பூச்சு. பொட்டு எல்லாருக்கும் தெரியும், யாரும் வெச்சுடலாம். இந்த நத்தை உங்களுக்கு மட்டும்தான் தெரியும். உங்க கை தொட்ட போர்டுல எல்லாம் அது இருக்கு. ஆள் விழுந்த போர்டுல இல்ல. அது உங்களுது இல்லம்மா. அதிகாரி இந்தப் போர்டோட போட்டோவைக் காட்டின நிமிஷமே உங்களுக்கு அது தெரியும்."

நீலத்தின் பார்வை ஒரு கணம், ஒரே ஒரு கணம், அக்காவின் கனத்த கண்ணாடிமேல் போய்த் திரும்பியது.

"ஓ" என்றான் மச்சினன் மெதுவாக. லைட்டர் டிக் என்றது.

"அக்காவை விட்டுடுங்க" என்றாள் நீலம். குரல் உடைந்தது. "மூணு மாசத்துக்கு முன்னாடி பிள்ளைக்குக் காய்ச்சல்னு ரெண்டு நாள் வரல. திரும்பி வந்தா என் நாற்காலி எறங்கியிருக்கு, சுடுகோல் மூக்கு கருகியிருக்கு, செய்யாம வெச்சுட்டுப் போன போர்டுல ஒன்பது குறையுது. அக்காகிட்டக் கேட்டேன். வேலை முடிஞ்சது, கேக்காதேன்னா. கண்ணு தெரியாதுன்னு ஒத்துக்க அவளுக்கு வெக்கம். எனக்கு வேலை கத்துக் கொடுத்தவ. நான் எப்படி..."

"நானா?" என்றாள் அக்கா. "நானாடி?"

சந்தேகம் யாரையும் அப்படியே நம்பிவிடுகிறவர் இல்லை. அழுகிறவர்களை இன்னும் குறைவு. கடுகு டப்பாவில் இடுக்கியை விட்டு எடுத்து அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது என்னம்மா?"

அக்கா கண்ணை இடுக்கினாள். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள். "கடுகு... கடுகுதானே?"

இடுக்கியில் ஒன்றுமே இல்லை.

நீலம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு நாளாகச் சுமந்தது யாருக்காக என்று அவளுக்கே இப்போது தெரியவில்லை.

"என்ன இங்க கூட்டம்?"

மரத்தடுப்புக்குப் பின்னாலிருந்து டிசைனர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, பையில் மூன்று பேனா, மூன்றும் ஒரே உயரம். சந்தேகத்துக்குப் பார்த்ததுமே இடித்தது.

"ஒண்ணுமில்லைங்க. நல்ல சேதிதான்" என்றார் சந்தேகம். "உங்க கொழுந்தியா மேல தப்பில்லன்னு ஆயிடுச்சு. அந்தக் கடுகுக்கு நீங்க வரைஞ்ச இடம் கைக்கு ஆகாது. மெஷினுக்கு வரையறதைக் கைக்கு வரைஞ்சுட்டீங்க. தப்பு வரைஞ்சவர் மேல. நாலு மணிக்கு அப்படித்தான் சொல்லப் போறேன்."

டிசைனரின் காது சிவந்தது. "யார் சொன்னது? துணுக்கு உக்கார்ற இடத்துக்கு ஃபுட்பிரிண்ட் தேர்ந்தெடுக்கறதுல எனக்கு இருபது வருஷ அனுபவம். திருகு ஓட்டைக்கும் பேட்டுக்கும் நடுவுல எவ்வளவு விடணும்னு கணக்கு இருக்கு. நீட்டின பேட் அங்க நுழையாது. 0603 ஃபுட்பிரிண்ட் சின்னதா இருந்தா என்ன, கை தெரிஞ்சவனுக்கு அது போதும்."

"ஃபுட்பிரிண்ட்டா? கால்தடமா? மச்சான், இது நம்ம டிபார்ட்மெண்ட்டு" என்றான் மச்சினன்.

"கை தெரிஞ்சவனுக்குன்னா யாருங்க? இந்தம்மாவே முடியாம பிளேடால கீறியிருக்கு."

"கீறலா?" டிசைனர் நீலத்தைப் பார்த்து முறைத்தார். "கீறவே வேண்டாம். எழுந்திரு. நான் காட்டறேன்."

நீலம் எழுந்தாள். அவர் உட்கார்ந்தார், நாற்காலியின் பிடியைத் தேடி, தன் உயரத்துக்கு அதை இறக்கிக்கொண்டார். நீலம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டிசைனர் சொட்டு வைத்தார், தள்ளினார், சுட்டார். ஈயம் போதவில்லை என்று இன்னும் ஒரு சொட்டு. உருண்டையாக, பளபளவென்று, கண்ணாடிக் குண்டு மாதிரி நின்றது. "இதைவிட அழகா யார் வெப்பா?"

சந்தேகம் பாய்லர் அறையின் போர்டை அதன் பக்கத்தில் வைத்தார். பூதக்கண்ணாடியை இரண்டின்மேலும் பிடித்தார். அதே உருண்டை. அதே இரண்டாவது சொட்டின் மடிப்பு, இடுப்பில் பட்டை கட்டினதுபோல. ஒரு வயிற்றில் பிறந்த இரட்டை.

"ரொம்ப அழகுங்க" என்று ஊசியை அவரிடமே கொடுத்தார். "லேசா நெம்புங்க."

டிசைனர் நெம்பினார். கடுகு தூக்கிக்கொண்டு வந்தது. அடியில் பேட் ஈயமே படாமல் பொன் நிறத்தில் மினுங்கியது.

டிசைனர் அந்தப் பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக வரைந்தவர். தான் வரைந்ததில் தானே ஒரு நாளும் ஊசி வைத்துப் பார்க்காதவர்.

"சாயங்காலம் வண்டி வந்து நிக்குது. ஒன்பது குறையுது" என்றார் கடைசியில். "செஞ்சேன். எல்லாமே நல்லாக் கத்துச்சு. இவதான் சோதிச்சா."

"கத்துச்சு" என்றாள் அக்கா. "அடியில ஒட்டாம வெறுமனே தொட்டுக்கிட்டு இருந்தாலும் அன்னிக்குக் கத்தத்தான் செய்யும். எனக்கு அது தெரியும். நெம்பிப் பாக்கணும்னும் தெரியும். நெம்பறதுக்குக் கடுகு எங்க இருக்குன்னுதான் தெரியல." தங்கையின் பக்கம் திரும்பாமல் சொன்னாள், "பொட்டு வெச்சது நான்தான்டி. அவருக்குன்னு நிறம் இல்லையே. உன்னோட சீசாவைத் திறந்து நான்தான் வெச்சேன். அது மட்டும் எனக்குத் தெரிஞ்சுது. கொஞ்சம் பெரிசா வெச்சதால தெரிஞ்சுது."

"நான் கையெழுத்துப் போட்டப்ப நீ பக்கத்துலதானே நின்னே?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நின்னியா இல்லையா?"

"உன்னோடதுல ஒண்ணாத்தான் இருக்கும்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டேன்."

சந்தேகம் மணியைப் பார்த்தார். மூன்று ஆக ஐந்து நிமிஷம். வழக்கு முடிந்ததுபோலத்தான் இருந்தது. முடிந்ததுபோல இருக்கிறதே, அதுதான் அவருக்கு இடித்தது.

"ஒன்பதுன்னீங்க. பாய்லர் ரூம்ல ஒண்ணு. பாக்கி எட்டு எந்தச் சுவத்துல தொங்குது?"

யாருக்கும் இது தோன்றியிருக்கவில்லை. நீலத்தின் முகத்திலிருந்து கோபம்கூட வடிந்துவிட்டது. "மூணு மாசம்... அடுப்புச் சூடும் குளிரும் மாறி மாறி... ஐயோ, எட்டும் இந்நேரம் விட்டிருக்கும்."

"எழுதி வெச்சிருக்கேன், பெட்டிப் புஸ்தகத்துல பெரிய எழுத்துல எழுதி வெச்சிருக்கேன்." அக்கா சின்ன அறைக்கு ஓடி, தடவித் தடவி ஒரு நோட்டை எடுத்து வந்தாள். கண்ணை ஒட்டி வைத்து விரலால் எண்ணினாள். "சலவைக் கூடம் ஒண்ணு. மத்தது ஏழு வீடு. எட்டுதான் வண்டியில ஏறிருக்கு. ஒண்ணு எங்க?"

டிசைனர் சுடுகோலை அதன் சுருளில் வைத்தார். வைத்தது விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார்.

"ஒண்ணு நான் எடுத்துக்கிட்டுப் போனேன். பிள்ளைக்குக் காய்ச்சல்னு பாக்க வந்தேன்ல. வெறுங்கையோட வரக்கூடாதேன்னு..."

நீலம் அவர் முடிக்கக் காத்திருக்கவில்லை. பிள்ளை தூங்குகிற கட்டிலுக்கு மேலே, அடுப்பு மேடைக்கு நாலடி தள்ளி, மாமாவே ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனது. நம்ம பட்டறைச் சாமான் என்று அவள் ஒரு நாளும் கழற்றிப் பார்க்காதது. போனை எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. "ராத்திரி வண்டி ஓட்டிட்டு வந்து தூங்குவார். பிள்ளைக்கு ஸ்கூல் லீவு, அவர் பக்கத்துலதான் இருக்கும். வெளிச்சம் வரக்கூடாதுன்னு ஜன்னலைச் சாத்தித்தான் தூங்குவார். எடுங்க... எடுங்களேன்..."

மச்சினன் ஏற்கெனவே வாசலில் வண்டியைக் கிளப்பியிருந்தான்.

ஒன்பது நிமிஷ ஓட்டம். இரண்டு மாடிப் படி. நீலம் கதவைத் தட்டவில்லை, இடித்தாள். திறந்த டிரைவர் பனியனோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். அவன் பின்னால் கட்டிலில் ஆறு வயதுப் பெண் பிள்ளை கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. நீலம் அதைப் புரட்டினாள். அது சிணுங்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தது. கேஸ் வாடை எதுவும் இல்லை.

"என்ன ஆச்சு? நீ செய்யலன்னு தெரிஞ்சுபோச்சா?" என்றான் டிரைவர்.

"ஜன்னலைத் திறங்க" என்றாள்.

மச்சினன் நாற்காலியைப் போட்டு ஏறினான். லைட்டரின் மூடியைத் திறந்து, சுடரில்லாமல் வாயுவை மட்டும் அழுத்தி, அலாரத்தின் ஓட்டைகளில் பிடித்தான். உஸ் என்ற மெல்லிய சத்தம். ஐந்து விநாடி. பத்து. இருபது. சுவரில் பச்சை விளக்கு சாந்தமாக எரிந்துகொண்டிருந்தது.

எதுவும் கத்தவில்லை.

இறங்கினான். லைட்டரின் மூடியை மூடினான். அதை மறுபடி திறக்கவில்லை.

நீலம் அலாரத்தை ஆணியோடு பிடுங்கினாள். மூடியைக் கழற்றினாள். மூலையில் சுண்டைக்காய் அளவில் ஒரு நீலப் பொட்டு.

சந்தேகம் அவள் எதிரே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இதை நயமாகச் சொல்ல அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

"பாருங்கம்மா. ஏழு வீடு இருக்கு. நாம தேடிக்கிட்டுப் போனா ராத்திரி ஆயிடும். அதிகாரிகிட்ட இப்பவே போன்ல சொன்னா அரை மணியில ஏழு வீட்டுக்கும் ஆள் போகும். ஆனா அவர் முதல்ல கேக்கறது, எந்த ஏழு, யார் செஞ்சது, உனக்கு எப்படித் தெரியும்னுதான். நான் மழுப்ப மாட்டேன். உங்க மாமா உள்ள போவார். பொட்டு வெச்சதுக்கு அக்காவும் போவாங்க. நான் செஞ்சேன்னு நீங்க இன்னும் சொல்றதா இருந்தா, உங்க போர்டு நூத்துக்கணக்குல வெளியில இருக்கு. எந்த ஏழுன்னு அவருக்குத் தெரியாது."

டிரைவர் பெண்டாட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிள்ளை தூக்கத்தில் ஏதோ முனகியது. நீலம் அந்தப் பொட்டைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள். பாதி உரிந்தது. பாதி நின்றது.

அப்போது அவள் மடியில் கிடந்த போன் அடித்தது. திரையில் அக்கா. அலாரம் அடிக்காத அந்த அறையில் அதுதான் அடித்தது. நாலு தடவை அடிக்கவிட்டு எடுத்தாள். அந்தப் பக்கம் அழுகை. என்ன வார்த்தை என்று மற்றவர்களுக்குக் கேட்கவில்லை.

"பிள்ளை நல்லா இருக்கு" என்றாள் நீலம். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் அப்புறம். அழாதே. நோட்டைப் பிரி. ஏழு அட்ரஸையும் நிதானமாப் படி, சார் எழுதிக்கிறார்."

சந்தேகம் பேனாவை எடுத்தார். எழுதாது என்ற சந்தேகத்தில் முதலில் உள்ளங்கையில் ஒரு கோடு போட்டுப் பார்த்தார்.